தரை சாயும் பக்கம்

"கடைசி வரியைப் படிங்க சார்."

படித்தான். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

அதற்கும் கீழே, அட்டையை அச்சடித்த கம்பெனியின் பெயர் எறும்பு ஊர்வதுபோலச் சின்னதாக இருந்தது. கேட்காமலே அதையும் படித்துவிட்டான்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமே இல்லையே... எதுக்கு வந்தீங்க?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசலில் தொங்கிய பலகை காற்றில் கிரீச் கிரீச்சென்று ஆடியது. முதலாளி சாப்பிடப் போனவர் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டார். கடையில் அவள் மட்டும்தான். இந்த நேரம் பார்த்தா இவன் வர வேண்டும்!

அவன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த உயரம்... அந்தத் தோள்... கதவுநிலையைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தொட்டுவிட்டு வரும் அந்தப் பழக்கம். கோல் கம்பத்தையும் அப்படித்தான் தொடுவான். அவளுடைய இதயம் வாய்க்கு வந்து திரும்பிப் போனது.

அவனுக்கு அவளைத் தெரியவில்லை. தெரியாதவரை நல்லது என்று அவளும் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள்.

"சொன்னா சிரிப்பீங்க" என்றான்.

"சிரிக்க மாட்டேன். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர், கண்ணாடிய நெத்தியில வெச்சுக்கிட்டே கண்ணாடியக் காணோம்பாங்க. சிரிச்சா என் பொழப்பு என்னாகும்?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அணைந்தது.

"நான் பந்து ஆடுறவன். உள்ளரங்க ஃபுட்பால்... பக்கத்துக்கு அஞ்சு பேர். நான் கோல்கீப்பர்."

"ஓஹோ" என்றாள், இப்போதுதான் கேட்பதுபோல.

"முதல் கோல் விழுற வரைக்கும் எல்லாம் பளிச்சுனு தெரியும். ஒண்ணு விழுந்துட்டா... அப்புறம் என்னமோ ஆகுது. சத்தமெல்லாம் தூரமாப் போயிடும். விளக்கு மங்கும். பந்து தண்ணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி வரும். வருது, வருதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன்... கை மேல வராது. யாரோ பின்னாடி நின்னு பிடிச்சிருக்கற மாதிரி. திரும்பிப் பார்த்தா பந்து வலைக்குள்ள கிடக்கும். அடுத்ததும் அப்படியே... அதுக்கடுத்ததும்..."

"எதிர்ல ஆடுறவங்க?"

"அவங்களா? அப்போ பார்க்கணும் அவங்கள! கால்ல இறக்கை முளைச்ச மாதிரி வருவாங்க. அஞ்சு பேர் இல்ல... அஞ்சு உடம்பு இருக்கற ஒரே ஆள் வர்ற மாதிரி இருக்கும்."

அவள் கழுத்துக்குப் பின்னால் ரோமம் சிலிர்த்தது. ஏனென்றால் அவன் கோல் வாயிலில் நின்று பார்த்ததை அவள் வேறொரு இடத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அதே மாதிரி. இம்மிகூட மாறாமல்.

"உள்ள வாங்க. விளக்கடிச்சுப் பார்த்துடலாம்."

உள்ளறை இருட்டு. நாற்காலியில் அவனை உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து, சின்ன விளக்கை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். எத்தனையோ பேர் கண்ணை இப்படிப் பார்த்திருக்கிறாள். கண் என்பது அவளுக்குத் தொழில். ஆனால் இந்தக் கண்... மழைநாளின் மதிய வெளிச்சம்போல ஒரு பழுப்பு. இமை படபடக்கவில்லை. அவனுடைய மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. அந்தக் கருமணியில் அவள் உருவம் சின்னதாகத் தெரிந்தது.

அதன் பின்னால் இன்னொரு உருவமும் தெரிந்தது.

அதே நொடியில் அவனும் விறைத்தான். "உங்களுக்குப் பின்னாடி... யாரு நிக்கறது?"

சட்டென்று திரும்பினாள். யாரும் இல்லை. சாத்திய கதவு... கதவில் ஒரு கொக்கி... கொக்கியில் அவளுடைய நீலத் துப்பட்டா. காலையில் நனைந்ததைக் காயப் போட்டிருந்தாள். மின்விசிறி ஓடவில்லை, ஜன்னலும் இல்லாத அறை. இருந்தும் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"இது யாரோடது?" அவன் குரல் மாறியிருந்தது.

"என்னோடதுதான்."

எழுந்தே விட்டான். "அப்போ... அந்த மேஜையில உக்கார்ற கேப்டன் தங்கச்சி நீங்களா?"

இனி மறைத்து என்ன பயன்? "ஆமா. நான்தான் டைம்கீப்பர். கடிகாரத்த ஓட்டுறது, நிறுத்துறது, ஹாரன் அடிக்கறது... எல்லாம் நான்தான்."

"எதுக்கு என்னை அப்படிப் பார்க்கறீங்க?"

"எ... எப்படி?"

"கோல் விழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். நீங்க கண்ணு கொட்டாம என்னையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. அவ்வளவு தூரத்துல முகம் தெரியாது. இந்த நீலம் தெரியும்... அதுக்கு மேல ரெண்டு கண்ணு தெரியும். அப்புறம்தான் தரை சாயும்."

தரை சாயும்! அந்த வார்த்தையை அவனுக்கு யார் சொன்னது? அது அவளுடைய அண்ணன் அணிக்குள் மட்டும் கிசுகிசுக்கும் வார்த்தை ஆயிற்றே...

பயம் வந்தால் அவளுக்குக் கோபமும் சேர்ந்து வரும். "நல்லா இருக்கே கதை! உங்க கை வழுக்குனதுக்கு என் கண்ணு மேல பழியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"கூடம் கோணல்தான்" என்றான் அவன் அமைதியாக. "உங்களுக்கும் அது தெரியும்."

அவள் கொக்கியிலிருந்து துப்பட்டாவை உருவிச் சுருட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். உங்க ஆளுங்களோடதான். டிரா பண்ணாலே கோப்பை எங்களுக்கு. ஆனா இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா, கையுறையக் கழட்டி வெச்சிட்டு இனி ஆட்டத்துப் பக்கமே வர மாட்டேன்னு எங்க கோச்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க... சின்ன வயசுல இருந்து இது ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அன்னிக்கு என்னைப் பார்க்காதீங்க."

யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது அவளுக்கு. ஏன் இப்படி வலிக்கிறது? முன்பின் தெரியாத ஒருத்தன், பார்க்காதே என்கிறான். பார்க்காவிட்டால் போயிற்று...

"சரி. கடிகாரத்த மட்டும் பார்க்கறேன். போதுமா?"

"போதும்."

விடுவிடுவென்று மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். குடை மூலையில் நின்றது. அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, சிமெண்டுத் தரையில் ஒரு கோடாக ஓடி, அவள் பாதத்தைத் தொட்டது.

அவர்கள் பந்து ஆடும் அரங்கம் ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய கிடங்கு. சத்தத்தைப் பஞ்சு குடித்துக் குடித்துச் சுவருக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டதோ என்னவோ... நூறு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள், திடீரென்று எல்லாம் அடங்கி, விளக்குகளின் ரீங்காரம் மட்டும் கேட்கும். வாய்கள் மட்டும் திறந்து மூடும். அப்போது தரை சாயும்.

கண்ணுக்குச் சாயாது. ஆனால் ஒரு பக்கத்து ஐந்து பேரும் மேட்டில் ஏறுவதுபோலத் திணறுவார்கள். மற்ற ஐந்து பேரும் பள்ளத்தில் ஓடும் தண்ணீர்போல வருவார்கள். உதைத்ததெல்லாம் உள்ளே போகும். ஒரு கோல் இன்னொன்றைக் கூப்பிடும். ஒருமுறை மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். "தரை கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க தலைதான் சாஞ்சிருக்கு" என்று திட்டிவிட்டுப் போனார்.

அவருக்கு அவள் பேனாவைப் பற்றித் தெரியாது. ஃபவுல் குறிக்க மேஜைமேல் வைத்திருக்கும் பேனா, சாயும் நேரத்தில் தானாக உருளும். எந்தப் பக்கம் கோல் விழப் போகிறதோ, அந்தப் பக்கம்.

அதை அவள் அண்ணனிடம் மட்டும் சொன்னாள். சொன்னதுதான் தப்பு! அண்ணன் அணியின் கேப்டன். அவன் கணக்கு வேறு மாதிரி ஓடியது. இவள் நாற்காலியில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் அணி ஜெயிக்கிறது. முதல் நாள் நீலத் துப்பட்டா போட்டிருந்தாள். எதிரணிக் கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே இனி எல்லா நாளும் அதே நாற்காலி, அதே நீலம், அதே பார்வை. அணியே அவளை 'ராசி' என்று கூப்பிட ஆரம்பித்து, வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்க மாட்டார்கள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்ல?" என்றுதான் கேட்பார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னாள். "அண்ணா... இந்தத் தடவை நான் அந்தக் கோலைப் பார்க்கப் போறதில்ல."

கணுக்காலுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான். "என்ன சொன்னே?"

"நான் டைம்கீப்பர். கடிகாரத்தப் பார்த்தாப் போதும்."

"நீ பார்த்தாதான்டி தரை நமக்குச் சாதகமா சாயும்!"

"நான் என்ன மனுஷியா, வாசல்ல கட்டுற திருஷ்டி பொம்மையா?"

சாதம் போட வந்த அம்மா தன் பங்குக்கு ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினாள். "கேளுடி, நல்லாக் கேளு. நல்ல இடத்துல இருந்து பொண்ணு கேட்டு வந்தப்போ, லீக் முடியட்டும்னு திருப்பி அனுப்புன மகராசன் இவன்!"

அண்ணன் அம்மாவைக் கண்டுகொள்ளவில்லை. தங்கையையே பார்த்தான். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற முகம்... அதில் ஒரு கோடு மாறினாலும் அவனுக்குத் தெரியும்.

"யாரு? அந்தக் கதவா?"

'கதவு' என்பது கீப்பரின் பட்டப்பெயர். வந்த புதிதில், கதவு சாத்தினால் காற்றுகூடப் போகாது என்று வைத்த பெயர். இப்போது 'திறந்த கதவு' என்று சிரிக்கிறார்கள்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சுட்டது.

"அவன் தோத்துட்டுப் போயிடுவான் ராசி. நான்தான் இங்க இருக்கப் போறவன்." அண்ணன் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. பகலெல்லாம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். பட்டறையில் அவனை எல்லாரும் "டேய், இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அரங்கத்துக்குள் மட்டும்தான் அவன் கேப்டன். அதை நினைத்தபோது அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாக்குக் கொடுத்தாகிவிட்டதே...

ஞாயிற்றுக்கிழமை மாலை. மழை கூரைத் தகரத்தில் விடாமல் அடித்தது.

நீலத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். அண்ணனுக்காக அதுமட்டும். மேஜைக்கடியில், கதவு கடையில் விட்டுப்போன குடையை வைத்துக்கொண்டாள். யாருக்காக என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பொத்தானைத் தட்டினாள். கடிகாரத்தின் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. அதையே பார்த்தாள். பந்து உதைபடும் சத்தம், ரப்பர் காலணிகள் தரையில் கீச்சிடும் சத்தம், கூட்டத்தின் ஓ... காதால்தான் ஆட்டத்தைப் பார்த்தாள். பந்து வெளியே போனால் நடுவரின் விசில். நிறுத்து. மறுபடி ஓட்டு. அவ்வளவுதான். அவன் நிற்கும் பக்கம் கழுத்து திரும்பப் பார்க்கும்... பிடித்து இழுத்து வைத்தாள். முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது.

பார்த்தாயா, என் கண்தான் காரணம்! என்னைப் பார்க்காதே என்று சொன்னவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்... அந்த நினைப்பு நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. அவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாள். ஜெயித்தால், இந்தக் கண் ஒரு கெட்ட கண் என்று ஆகிவிடும். இப்படியும் ஒரு வேண்டுதல் உண்டா?

இரண்டாவது பாதியில் பேனா உருண்டது.

மெல்ல... அவன் நிற்கும் பக்கமாக. அவள் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். கைக்கடியில் அது துள்ளியது, பிடிபட்ட பல்லியைப்போல. அப்போதே 'டொப்' என்று ஒரு சத்தம். வலை. அண்ணன் அணிக்கு முதல் கோல்.

கூட்டம் கத்தியது. கத்தியதா? வாய்கள் திறந்திருந்தன. சத்தம் இல்லை. சுவர்கள் குடித்துவிட்டன. விளக்குகளின் ரீங்காரம் மட்டும், காதுக்குள் வண்டு புகுந்ததுபோல. குளிர்ந்த காற்று ஒன்று அவளைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. துப்பட்டாவின் நுனி அதே திசையில் நீண்டு நின்றது. கடிகாரத்தின் சிவப்பு வெளிச்சம் மங்கியது.

நான் பார்க்கவில்லையே! நான் பார்க்கவே இல்லையே... அப்புறம் எப்படி?

இரண்டாவது கோல்.

மேஜைமேல் ஒரு பச்சை அட்டை வந்து விழுந்தது. அவன் அணியின் கோச், பல்குச்சியைக் கடித்தபடி குனிந்து நின்றார். ஒரு நிமிட ஓய்வு கேட்கும் அட்டை அது. ஆனால் நினைத்தவுடன் கொடுக்க முடியாது. பந்து வெளியே போக வேண்டும், உள்ளே உதைக்கும் முறை அவர்களுடையதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஹாரன்.

"சீக்கிரம் குடும்மா. பையன் முழுகிக்கிட்டு இருக்கான்."

"தரை சாயுது சார்..."

"தரையாவது, மண்ணாவது! மனசுதான்மா சாயுது." பல்குச்சியை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். "ஆனா மனசு சாஞ்சா... தரை என்ன, கூரையே சாயும்."

அண்ணனும் அட்டையைப் பார்த்துவிட்டான். பந்தை வெளியே விடாமல் தங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள். பேனா அவள் விரலிடுக்கில் நழுவித் தரையில் விழுந்து, உருண்டு, உருண்டு... கடைசியில் அண்ணன் ஆள் ஒருவன் காலில் பட்டுப் பந்து கோட்டைத் தாண்டியது. அவள் ஹாரனை அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை.

அண்ணன் அவளையே பார்த்தான். வேண்டாம் என்று அவன் கண் கெஞ்சியது. அவள் எழுந்து நின்று, உடம்பின் பாரம் முழுவதையும் இரண்டு கையிலும் போட்டு அழுத்தினாள். அலறியது ஹாரன்! எங்கோ உறையைக் கிழித்துக்கொண்டு வந்ததுபோல மழைச் சத்தமும் கூட்டத்தின் கூச்சலும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

எல்லாரும் அவரவர் பெஞ்சுக்குப் போனார்கள். கதவு மட்டும் நேராக மேஜைக்கு வந்தான். வழியில் கிடந்த பேனாவைக் குனிந்து எடுத்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஏன் பார்க்கல?"

அவளுக்கு அழுகையும் கோபமும் முட்டியது. "நீங்கதானே பார்க்காதீங்கன்னு..."

"ஆமா. முட்டாள் நான்." மூச்சு வாங்கினான். "அது உங்க கண்ணுல இருந்து வரலைங்க. நீங்க பார்க்காமலே வந்துச்சு. முன்னெல்லாம் அது வர்றப்போ நிமிர்ந்தா, நீங்க இருப்பீங்க. பயமாத்தான் இருக்கும். ஆனா யாரோ ஒருத்தர் இருக்காங்க, பார்த்துக்கிட்டு இருக்காங்க... இன்னிக்கு நிமிர்ந்தேன். யாருமே இல்ல. அந்த இருட்டுல நான் மட்டும்..." பேனாவை மேஜைமேல் வைத்தான். "பாருங்க. கண்ணு கொட்டாம பாருங்க. தயவு செஞ்சு."

"அப்புறம் கோல் விழுந்தா என் மேல பழி போட மாட்டீங்களே?"

"விழுந்தா விழட்டும். நீங்க பார்க்கறப்போ விழட்டும்."

அவள் கண்ணை உயர்த்தினாள். அந்த மழைக்காலப் பழுப்பு... அதில் அவள் உருவம். அதன் பின்னால் இப்போது யாரும் இல்லை.

விசில் அடித்தது. அவன் ஓடினான். கம்பம் இரண்டையும் உள்ளங்கையால் தொட்டான். பேனா வைத்த இடத்திலேயே இருந்தது.

பார்த்தாள். பந்தையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டிய நேரம் போக, மீதி நேரமெல்லாம் அவனை. ஒன்றைத் தட்டினான். இன்னொன்றைப் பாய்ந்து அணைத்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நொடி நிமிர்ந்து மேஜையைப் பார்த்தான். பிடித்த பந்தை அப்படியே நீட்டி எறிய, அவன் ஆள் ஒருவன் கோலாக்கினான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஆட்டம் சமன்.

பேனா அசைந்தது. இப்போது அண்ணன் பக்கமாக.

அந்தப் பக்கக் கீப்பர் மரம்போல நின்றிருந்தான். அவன் முகத்தில் அதே வெளுப்பு. அந்தச் சாய்வு யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் நண்பனும் இல்லை. இத்தனை நாள் அண்ணன் அதைத் தன் வீட்டு நாய் என்று நினைத்து வளர்த்தான். அது எந்த வீட்டிலும் படுக்கும், எந்தக் கையையும் கடிக்கும்.

கடிகாரத்தில் கொஞ்சம்தான் மீதி. அவசரத்தில் கதவின் ஆள் ஒருவன் அண்ணனைத் தள்ளிவிட்டான். ஃபவுல். அவள் குறித்த கணக்கில் அது அளவைத் தாண்டிய ஃபவுல்; தண்டனை கொடியது. நடுவில் தடுக்க ஒருவரும் நிற்கக் கூடாது. உதைப்பவன், கீப்பர், இருவர் மட்டும். இது உள்ளே போனால் கோப்பை அண்ணனுக்கு. போகாவிட்டால் டிரா, கோப்பை கதவுக்கு.

அண்ணன் பந்தைப் புள்ளியில் வைத்தான்.

சத்தம் மறுபடி வடிந்தது. விளக்குகள் ரீங்கரித்தன. பேனா நடுங்கியது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல இருந்த இடத்திலேயே நடுங்கியது. கோல் வலை காற்றில்லாமல் மெல்ல உப்பியது, யாரோ பின்னாலிருந்து மூச்சு விடுவதுபோல.

அண்ணன் வழக்கம்போலத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். ராசி கோலைப் பார்க்கிறாளா? பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண் கொட்டாமல், நீலத் துப்பட்டாவில், அதே நாற்காலியில். அணியே நிம்மதியாக மூச்சு விட்டது. அண்ணன் மட்டும் அந்த முகத்தை இன்னும் ஒரு நொடி பார்த்தான்.

ஓடி வந்தான். உதைத்தான்.

கதவு சாத்தியது! இரண்டு உள்ளங்கையிலும் பட்டுப் பந்து கூரைவரை எழும்பி, மேஜைக்கு முன்னால் வந்து விழுந்து, ஒருமுறை குதித்து, அசையாமல் நின்றது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. அவள் ஹாரனை அழுத்தினாள். முதல் அழுத்தலிலேயே அலறியது.

கூட்டம் கலைந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் மழைக்குள் கத்திக்கொண்டே போனது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து கால் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று.

"வலது மூலையிலதான் அடிக்க நினைச்சேன்" என்றான் தலை நிமிராமல். "ஓடி வர்றப்போ உன் மூஞ்சி ஞாபகம் வந்துடுச்சு."

"அண்ணா..."

"நீ கோலைப் பார்க்கல. எனக்குத் தெரியாதா?" பட்டையைச் சுருட்டினான். கண்ணோரம் பளபளத்தது வியர்வையாகவும் இருக்கலாம். "இனிமே அந்த நாற்காலிக்கு வேற ஆள் பார்க்கணும் போல... போ. மேஜைக்கு அடியில இருக்கே, அந்தக் குடைய எடுத்துட்டுப் போய்க் குடு. நனையுறான் பாரு, லூசு."

அவள் திரும்பினாள். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே அவன் நின்றிருந்தான். மழை தலையில் இறங்கி, முகவாயில் சொட்டியது. போகாமல் நின்றிருந்தான்.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குடையை எடுக்க மேஜைக்கடியில் குனிந்தபோது காதுக்கு மேலே மெல்லிய சத்தம் கேட்டது. பேனா உருண்டுகொண்டிருந்தது. ஆட்டம் இல்லை, ஆட்கள் இல்லை, கோலும் இல்லை... விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, வெறிச்சோடிய அரங்கத்தின் குறுக்கே, இருட்டின் வழியாக, நிதானமாக உருண்டு போனது. அவள் அதன் பின்னாலேயே நடந்தாள். பயந்தாளா? பயந்தாள்தான். ஆனால் கால் தானாக நடந்தது, இறக்கத்தில் நடப்பதுபோல.

வாசற்படியில் அது அவன் காலணியில் முட்டி நின்றது. அவன் குனிந்து எடுத்தான்.

"பார்த்தீங்களா?" என்றாள், மூச்சு விடாமல்.

"பார்த்தேன்."

"மேஸ்திரி ரசமட்டம் வெச்சுப் பார்த்தாரு. தரை சரியா இருக்காம்."

"அவருக்கென்ன தெரியும்?"

குடையை விரித்தாள். ஒருவருக்கான குடை. இருவரும் நனையத்தான் செய்தார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "அத்தனை ஆட்டத்துலயும் ஏன் என்னை அப்படிப் பார்த்தீங்க?"

"நீங்க வந்த முதல் ஆட்டத்துல அண்ணன் பார்க்கச் சொன்னான். பார்த்தேன்."

"ரெண்டாவது ஆட்டத்துல?"

அவள் குடைக்கம்பியை இறுக்கிப் பிடித்தாள். கன்னத்தில் ஓடியது மழையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணன் எப்பவும் கோலைத்தாங்க பார்க்கச் சொல்லுவான்..." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நான் உங்களைப் பார்த்தேன்."

கதவுநிலையைத் தொடும் அந்த உள்ளங்கைகள் இரண்டும் மெல்ல வந்து, குடையைப் பிடித்திருந்த அவள் கையை மூடிக்கொண்டன. பந்தைப் பிடிப்பதுபோல இறுக்கமாக இல்லை. ஆனால் நழுவ விடாமல்.

"இனிமே பார்க்காதீங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றான். "சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

அவர்களுக்குப் பின்னால், இருண்ட அரங்கத்துக்குள், ஆளில்லாத கோலில் வலை ஒருமுறை உப்பி அடங்கியது. அவளுக்கு அது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள இனி அவளுக்குப் பேனா வேண்டியதில்லை.